நூறு கஜத்துக்கு அப்பால் கிராமம்: நகரத்துக்காக எழுதப்பட்ட புகையிலை விற்பனைச் சட்டம்

புது தில்லி: தலைநகரின் கனாட் பிளேஸ் பகுதியில் சிகரெட் வாங்க யாரும் கடையைத் தேடிப் போக வேண்டியதில்லை. மெட்ரோ ரயில் நிலைய வாசல், பேருந்து நிறுத்தம், அலுவலகக் கட்டடங்களின் பின்புறச் சந்து என்று நாலடிக்கு ஒரு தட்டுக் கடை. பெட்டியாக வாங்கவும் வேண்டாம்; ஒன்று மட்டும் கேட்டாலே கிடைக்கும். பற்ற வைக்க வசதியாக லைட்டரும் கயிற்றில் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும்.

கிழக்கு உத்தரப் பிரதேசத்திலோ வடக்கு பீகாரிலோ உள்ள சிற்றூர்களில் காட்சி வேறு. அங்கு ஊருக்கு ஒன்று அல்லது இரண்டு கடைகள்தான். உப்பு, பருப்பு, தீப்பெட்டி, சோப்பு, குழந்தைகளுக்கான பிஸ்கட் எல்லாம் அடுக்கப்பட்ட அதே அலமாரியில் பீடிக் கட்டுகளும் இருக்கும். மேலே சரம் சரமாகப் பான் மசாலா, புகையிலைப் பொட்டலங்கள் தொங்கும். கையில் காசில்லை என்றால் கணக்கில் எழுதிக்கொள்வார் கடைக்காரர். அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதும்.

கடைகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் புகையிலை எளிதில் கிடைக்கும் இடம் நகரம்தான். ஆனால் மத்திய அரசின் புள்ளிவிவரங்கள் நேர்மாறாகப் பேசுகின்றன. 2016-17-ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட இரண்டாவது உலக வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 26.7 கோடிப் பேர், ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். நகர்ப்புறத்தில் இது 21.2 சதவீதம், கிராமப்புறத்தில் 32.5 சதவீதம். 2019-21-ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வும் இதே இடைவெளியைக் காட்டியது. நகர ஆண்களில் 28.8 சதவீதத்தினரும், கிராம ஆண்களில் 42.7 சதவீதத்தினரும் புகையிலை உபயோகிப்பவர்கள். பெண்களிடையே நகரத்தில் 5.4 சதவீதம், கிராமத்தில் 10.5 சதவீதம், அதாவது ஏறத்தாழ இரு மடங்கு.

கடைகள் குறைவாக உள்ள இடத்தில் பழக்கம் கூடுதலாக இருப்பதற்கு வறுமை, கல்வியின்மை, உடலுழைப்பு எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் தில்லியில் அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு. புகையிலை விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் விதிகளும் நகரத்துப் பெட்டிக் கடையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஊருக்கு ஒன்றாக உள்ள மளிகைக் கடையும் வாரச்சந்தையும் அவற்றின் கண்ணில் படவில்லை.

தலைநகரில் பிறந்த சட்டம்: இந்தச் சட்டத்தின் முன்னோடி தில்லியில்தான் தோன்றியது. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டத்தை 1996-இல் தில்லி சட்டப்பேரவை நிறைவேற்றியது. அப்போது தில்லி மாநில சுகாதார அமைச்சராக இருந்தவர் ஹர்ஷ் வர்தன். 2001 நவம்பரில், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் பொது இடங்களில் புகைபிடிக்க உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தடை விதித்தது. சுஷ்மா ஸ்வராஜ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த 2003-இல் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருள்கள் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பொது இடங்களுக்கான விரிவான விதிகள், அன்புமணி ராமதாஸ் அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன.

உணவகம், திரையரங்கம், ரயில் நிலையம், அலுவலகம் ஆகிய பொது இடங்கள் இந்தச் சட்டத்தின் முதல் கவலை. விற்பனையைப் பற்றி அது சொல்வது சுருக்கமே. ஆறாவது பிரிவின்படி, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜ தூரத்துக்குள் விற்கக் கூடாது. மீறினால் அபராதம் ரூ.200 வரை. யார் விற்கலாம், அதற்கு உரிமம் தேவையா, ஓர் ஊரில் எத்தனை கடைகள் இருக்கலாம் என்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.

100 கஜம் என்பது சுமார் 91 மீட்டர். பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்தோ வேலியிலிருந்தோ அளக்க வேண்டும் என்கின்றன விதிகள். நகரத்தில் இந்தக் கோட்டுக்கு ஒரு பொருள் உண்டு. கோட்டுக்கு உள்ளே இருக்கும் கடையை அப்புறப்படுத்தினால் மாணவன் அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டும். அந்த நடையே ஒரு சிறு தடை. சிற்றூரில் அப்படியல்ல. பள்ளி ஊருக்கு நடுவில் இருந்தால் கடை, கோயில், கிணறு எல்லாமே அந்த நூறு கஜத்துக்குள் அடங்கிவிடும். சட்டத்தை அப்படியே நிறைவேற்றினால் ஊரிலேயே விற்க முடியாது. பள்ளி ஊருக்கு வெளியே இருந்தாலோ கோடு வயல்வெளியில் விழும். மாணவன் வீடு திரும்பும் வழியில் உள்ள கடையை அது தொடாது. முதல் நிலையில் யாரும் நிறைவேற்றத் துணியாத சட்டம். இரண்டாவது நிலையில் நிறைவேற்றியும் பயனில்லாத சட்டம். சுற்றுச்சுவரே இல்லாத பள்ளிகளில் எங்கிருந்து அளப்பது என்பது தனிக் கேள்வி.

யார் கண்காணிப்பது?: சோதனையிடும் அதிகாரத்தைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, காவல் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவர்களுக்கும், மாநில உணவு அல்லது மருந்து நிர்வாகத்தின் அலுவலர்களுக்கும், அவர்களுக்கு இணையான நிலையில் அரசால் அங்கீகரிக்கப்பட்டவர்களுக்கும் அளிக்கிறது. தில்லியிலோ லக்னௌவிலோ ஒரு காவல் நிலைய எல்லையை ஒரு மணி நேரத்தில் சுற்றி வரலாம். வட மாநிலங்களின் உட்பகுதிகளில் ஒரே காவல் நிலையம் பல பத்து கிராமங்களைக் கவனிக்கிறது. நிலத் தகராறு, தேர்தல் பணி, மதக் கலவர அச்சம் ஆகியவற்றுக்கு நடுவே ரூ.200 அபராதத்துக்காக ஓர் உதவி ஆய்வாளர் இருபது கிலோமீட்டர் ஜீப்பில் போவார் என்று எதிர்பார்ப்பது யதார்த்தத்துக்குப் பொருந்தாது. 2007-08-இல் தொடங்கப்பட்ட தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மாவட்டப் பிரிவுகள் இயங்குவதும் மாவட்டத் தலைநகரங்களில்தான்.

சிறுவர்களுக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஒரே குற்றத்துக்கு ஒரு சட்டத்தில் ரூ.200, இன்னொன்றில் ஏழு ஆண்டு சிறை. கிராமத்தில் இந்த முரண் வேறொரு சிக்கலையும் சந்திக்கிறது. கடைக்கு வரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் யாருக்காக வாங்குகிறான்? தாத்தாவுக்குப் பீடி, அப்பாவுக்குக் கைனி வாங்கி வரப் பிள்ளைகளை அனுப்புவது அங்கு வழக்கம். கடைக்காரருக்கு அந்தக் குடும்பமே தெரியும். வயதைக் கேட்டு மறுப்பது அவருக்குச் சட்ட விவகாரம் அல்ல, உறவைக் கெடுத்துக்கொள்ளும் விவகாரம். முகம் தெரியாத நகரக் கடையில் 'இல்லை' என்று சொல்வது எளிது. நகரக் கடைக்காரர்கள் மட்டும் சொல்லிவிடுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 சதவீதத்தினர் புகையிலை உபயோகிப்பது தெரிய வந்தது.

சந்தையில் எச்சரிக்கைப் படம் இல்லை: பீகாரின் சமஸ்திபூர், வைசாலி மாவட்டப் பகுதிகள் கைனிப் புகையிலைச் சாகுபடிக்குப் பெயர் பெற்றவை. உலர்த்திய இலையைச் சுண்ணாம்புடன் உள்ளங்கையில் தேய்த்து உதட்டுக்குள் அடக்கிக்கொள்வதே கைனி. சுண்ணாம்புக்கென்று ஒரு சிறிய உலோகச் சிமிழ் பலரின் மடியில் இருக்கும். 2016-17 கணக்கெடுப்பில் நாட்டிலேயே அதிகம் பேர் உபயோகித்த புகையிலைப் பொருள் சிகரெட்டும் அல்ல, பீடியும் அல்ல, இந்தக் கைனிதான். வயது வந்தோரில் 11.2 சதவீதத்தினர். பீடி 7.7 சதவீதம், சிகரெட் வெறும் 4 சதவீதம். புகையில்லாப் புகையிலை வகைகள் அனைத்தையும் சேர்த்தால் கிராமத்தில் 24.6 சதவீதம், நகரத்தில் 15.2 சதவீதம்.

வாரச்சந்தைகளில் இந்த இலை வெங்காயத்தைப் போல, மிளகாய் வற்றலைப் போல எடை போட்டு விற்கப்படுகிறது. பெட்டி இல்லை, பொட்டலம்கூடச் செய்தித்தாள் கிழிசல்தான். பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதிக்காக இந்தத் தலைநகரில் நடந்த போராட்டம் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வர வேண்டிய விதி, நாடாளுமன்றத்தின் துணைநிலைச் சட்டங்கள் குழு எழுப்பிய ஆட்சேபத்தால் ஓராண்டு தள்ளிப்போனது. குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வருவதற்கு இந்திய ஆய்வு எதுவும் இல்லை என்று பேசிப் பெரும் சர்ச்சைக்கு ஆளானார். உறுப்பினர்களில் ஒருவரான ஷியாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர். 2016 ஏப்ரல் 1 முதல் விதி அமலானது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, 2018 ஜனவரியில் அந்தத் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இத்தனை பாடுபட்டு வென்ற எச்சரிக்கைப் படம், சந்தையில் எடை போட்டு வாங்குபவரின் கண்ணில் ஒரு முறையும் படாது. நகரத்தில் ஒற்றைச் சிகரெட் வாங்குபவரும் அதைப் பார்ப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் கண்ணெதிரே பெட்டியாவது இருக்கிறது.

குட்கா தடைக்கும் இதே கதிதான். உணவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் 2012 ஏப்ரலில் முதலில் தடை விதித்தது மத்தியப் பிரதேசம். மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. உடனே உற்பத்தியாளர்கள் பான் மசாலாவை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை இன்னொரு பொட்டலத்திலும் அடைத்தனர். வாங்குபவர் இரண்டையும் சேர்த்துக் குலுக்கிக்கொள்கிறார். நகரில் அவ்வப்போது பறிமுதல் நடக்கிறது. படம் நாளிதழில் வருகிறது. கிராமத்தில் சரம் தொங்கிக்கொண்டே இருக்கிறது.

மலிவும் ஓர் அணுகல்தான்: தூரத்தை மட்டும் அளந்தால் போதாது; விலையையும் அளக்க வேண்டும். 2016-17 கணக்கெடுப்பின்படி, தினமும் சிகரெட் பிடிப்பவர் மாதத்துக்குச் சராசரியாக ரூ.1,192 செலவிட்டார், பீடி பிடிப்பவர் ரூ.284 மட்டுமே. சிகரெட் மீது ஜி.எஸ்.டி.யுடன் இழப்பீட்டு வரியும் சேர்ந்தது. பீடிக்கு அந்தக் கூடுதல் வரி இல்லை. ஜி.எஸ்.டி.க்கு முந்தைய காலத்தில், ஆண்டுக்கு 20 லட்சம் பீடி வரை கையால் சுற்றும் சிறு உற்பத்தியாளருக்குக் கலால் வரியே கிடையாது. இந்தச் சலுகைகளுக்குப் பின்னால் லட்சக்கணக்கான பீடித் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், இருக்கிறார்கள். அவர்களின் வாக்குகளும் இருக்கின்றன. மேற்கு வங்கத்தின் ஜங்கிபூர், மத்தியப் பிரதேசத்தின் சாகர், தெலங்கானாவின் நிஜாமாபாத், நமது திருநெல்வேலி என்று பீடித் தொகுதிகளின் பட்டியல் கட்சி பேதமற்றது.

2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் பீடி மீதான வரியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகவும், பீடி இலை மீதான வரியை 18-லிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் சிகரெட் உள்ளிட்ட பொருள்களின் கலால் வரியை உயர்த்த வழி செய்யும் மசோதா இரு அவைகளிலும் நிறைவேறியது. நகரத்தவரின் சிகரெட்டுக்கு ஏற்றம், கிராமத்தவரின் பீடிக்கு இறக்கம் என்பதே இதன் விளைவு. தொழிலாளர் நலன் என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வரிக் குறைப்பு சுற்றுபவரின் கூலியாகப் போய்ச் சேர்வதற்கு எந்த ஏற்பாடும் அதில் இல்லை. மலிவு விலை மட்டும் கடைக்குப் போய்ச் சேரும்.

உரிமம் எனும் யோசனை: புகையிலை விற்கும் கடைகளுக்கு உரிமம் வேண்டும் என்ற யோசனையை மத்திய சுகாதார அமைச்சகம் 2017 செப்டம்பரில் மாநிலத் தலைமைச் செயலர்களுக்கு எழுதிய கடிதத்தில் முன்வைத்தது. உரிமம் பெற்ற கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் போன்றவற்றை விற்கக் கூடாது என்பது அதன் முக்கிய நிபந்தனை. குழந்தைகள் அந்தக் கடைக்கு வரக் காரணமே இருக்கக் கூடாது என்பதே நோக்கம். லக்னௌ மாநகராட்சி 2021-இல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. வேறு சில நகரங்களும் அவ்வழியில் சென்றன.

நகரத்துக்கு இது நல்ல யோசனை. பான் கடை வேறு, மளிகைக் கடை வேறு என்று அங்கே பிரிக்க முடியும். தெரு வியாபாரிகள் இதை எதிர்த்தார்கள். தின்பண்டம் இல்லாமல் சிகரெட்டை மட்டும் விற்றுப் பிழைக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமும் உண்டு. இருந்தாலும் பேசித் தீர்க்க அவர்களுக்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டமும், அதன் கீழ் நகர விற்பனைக் குழுக்களும் இருக்கின்றன.

கிராமத்தில் இந்த நிபந்தனையை எப்படிப் பொருத்துவது? ஊரின் ஒரே கடை பிஸ்கட்டையும் விற்கிறது, பீடியையும் விற்கிறது. இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் அவர் எதை விடுவார் என்பது, எதில் தினசரி வரவு நிச்சயம் என்பதைப் பொறுத்தது. புகையிலையை விட்டால் அவர் கடையே நிற்குமா என்பது அவர் கவலை. பிஸ்கட்டையும் பிறவற்றையும் விட்டால் ஊர் மக்கள் எங்கே போவார்கள் என்பது ஊரின் கவலை. விலக்கு அளித்தாலோ உரிமத்துக்கு அர்த்தமே இல்லை. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கை, 2004-இல் இந்தியா ஏற்றுக்கொண்டது, தனது 17-ஆவது விதியில் புகையிலைத் தொழிலாளர்கள், விவசாயிகளோடு சில்லறை விற்பனையாளருக்கும் மாற்று வழிக்கு ஆதரவு தரச் சொல்கிறது. அந்த விதியைப் பற்றிய பேச்சு தில்லியில் பெரும்பாலும் சாகுபடியாளர்களோடு நின்றுவிடுகிறது.

ஆய்வுகளும் நகரத்தையே சுற்றி வருகின்றன. பள்ளிகளின் அருகே புகையிலை விற்பனையைப் பற்றி 2019-இல் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வு ஒன்று ஆறு மாநிலங்களில் 20 நகரங்களின் 243 பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தது. பயனுள்ள ஆய்வுதான். ஆனால் அதில் கிராமப் பள்ளி இடம்பெறவில்லை.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. ஹிமாசலப் பிரதேசம் 2016-இல் உதிரி சிகரெட், பீடி விற்பனையைத் தடுத்து, சில்லறை வியாபாரத்தை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 90 சதவீத மக்கள் கிராமங்களில் வாழும் மாநிலம் அது. அங்கே நகரத்துக்கு மட்டும் சட்டம் எழுதியிருந்தால் யாருக்காக என்ற கேள்வி எழுந்திருக்கும். நாகாலாந்தின் கோஹிமா மாவட்டத்தில் உள்ள கரிஃபெமா, 2014 மே 31-ஆம் தேதி நாட்டின் முதல் புகையிலையற்ற கிராமமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சாதித்தது காவல் துறையல்ல, ஊராரின் தீர்மானம். கிராம சபைகளுக்கு உண்மையான அதிகாரம் உள்ள மாநிலம் என்பது அங்கு ஒரு வசதி.

மற்ற மாநிலங்களிலும் வழி முற்றிலும் அடைபடவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆவது அட்டவணையில், ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க 29 பொருள்களில் 22-ஆவது 'சந்தைகளும் திருவிழாக்களும்', 23-ஆவது சுகாதாரம். வாரச்சந்தையில் கடைக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலிக்கும் ஊராட்சி, அங்கே பாக்கெட் இல்லாத புகையிலை விற்கக் கூடாது என்றும் சொல்ல முடியும். கட்டண வசூலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஊராட்சிகள் அதைச் சொல்லுமா என்பது வேறு விஷயம்.

வராத மசோதா: 1996-இல் தில்லிச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே ஹர்ஷ் வர்தன் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் வரைவு மசோதா வெளியிடப்பட்டு, 2021 ஜனவரியில் பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. புகையிலை வாங்கும் வயதை 21 ஆக உயர்த்துவது, உதிரி விற்பனையைத் தடுப்பது, அபராதத்தைக் கூட்டுவது ஆகியவை அதில் இருந்தன. சில்லறை வியாபாரிகளின் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2022-இல் புற்றுநோய் சிகிச்சை குறித்து ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் உதிரி சிகரெட் விற்பனையைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஆனால் 2024-இல் 17-ஆவது மக்களவையின் காலம் முடியும் வரை அந்த மசோதா அவைக்கு வரவில்லை. காத்திருக்காத கர்நாடகம், 2024-இல் தானே திருத்தம் நிறைவேற்றியது. வயது 21 ஆனது, உதிரி விற்பனைக்குத் தடை வந்தது. 2025-இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது.

மத்திய மசோதா என்றேனும் அவைக்கு வந்தால் உறுப்பினர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று 2017-ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே இருக்கிறது. புகையிலை விற்க உரிமம் வழங்கும் அமைப்பாக அந்தக் கடிதம் குறிப்பிட்டது நகராட்சி அமைப்புகளை. ஊராட்சியைப் பற்றி அதில் பேச்சில்லை.